மூன்றாவது படம்

சிராங்கூன் ரோட்டில் பெண் பார்க்க வந்திருந்தான் மருதப்பன். பழைய வியாதியைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால், தவமணியிடம் தனியாகப் பேச விட்டதும் அவனால் மறைக்க முடியவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னால எனக்கு டிபி இருந்துச்சுங்க. இப்ப குணமாயிடுச்சு. வேணாம்னா சொல்லிடுங்க.”

“தெரியும். இடது நுரையீரல், மேல் பக்கம். முதல் எக்ஸ்ரேயில எலுமிச்சம்பழ அளவு நிழல். ஊசி போட்டப்புறம் ரெண்டாவதுல பட்டாணி அளவு. மூணாவதுல ஒண்ணுமே இல்ல! அன்னைக்குத் துள்ளிக் குதிச்சிட்டேன்.”

“உங்களுக்கு எப்படி…?”

“ஆஸ்பத்திரி இருட்டறையில உங்க பிலிமைக் கழுவினதே நான்தான். ஜாதகத்துல உங்க பேரைப் பாத்ததும், வரச் சொல்லுங்கப்பான்னேன்.”

தவமணி சிரித்தாள்.

“நெஞ்சை மூணு தடவை பாத்துட்டேன். முகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்!”