ஏழாவது தட்டு

பாட்டுக் கேட்க வந்தவனெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காதைக் கொடுப்பதற்கு ஒருத்தன் இல்லை.

பாடுகிறவன் மட்டும் யோக்கியமா? வீட்டிலேயே பதிந்து பென் டிரைவில் கொண்டுவந்து சொருகிவிட்டு, மேடையில் வாயை மட்டும் அசைக்கிறான். அதற்கு ஒரு மாலை. ஒரு பொன்னாடை.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள். கோயிலில் ஊருக்கே பொதுவாகப் போட்ட அசனச் சோறு தின்ற கை இன்னும் மணத்தது. வெயில் இறங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த தட்டியை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

வெண்கலக் குரல் பெனடிக்டா.

வெண்கலமாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தொண்டையில் கத்தி வைத்தார்கள். இனிமேல் பேசினாலே பெரிது என்று டாக்டர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. அவர் போய்ப் பார்க்கவில்லை.

சத்தமில்லாத பெனடிக்டாவைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

இப்போது பாடுகிறாளாம். யாரிடம் கதை விடுகிறார்கள்?

இருபத்திரண்டு வருடம் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து டோலக் அடித்தவர் அவர். கல்யாண வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், ஒரே ஒரு தடவை கப்பலேறிக் கொழும்பு. அவள் முகத்தைவிட முதுகுதான் அவருக்கு நல்ல பழக்கம்.

அவள் மேடைக்கு வந்தாள்.

பாதியாக இளைத்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கழுத்தைச் சுற்றி ஒரு நீலத் துணி. நரம்பு புடைக்கிறதா என்று பார்க்கலாமென்றால் அதையும் மூடிவிட்டார்கள்.

படகுப் பாட்டை எடுத்தாள்.

கோபுரத்திலிருந்த புறா மொத்தமும் கிளம்பியது.

அதே குரல். ஒரு பொட்டு குறையவில்லை.

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் முற்றியது.

"கேசட்டு," என்றார், பக்கத்து நாற்காலிக்காரரிடம்.

"சும்மா இரும் வே. அவிய பாடுதாவ."

"வாயி அசையுது. பாடுதாளான்னு எனக்குத் தெரியும்."

தெரியும். அதற்கு ஒரு வழி இருந்தது. அவருக்கு மட்டும் தெரிந்த வழி.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வெறும் வாத்தியம் எட்டுத் தட்டு ஓடும். எட்டு முடிந்து அவள் எடுக்க வேண்டும். எடுக்க மாட்டாள். ஏழு முடிந்ததுமே பாய்ந்துவிடுவாள். எத்தனை முறை சொன்னாலும் பாய்ச்சல்தான். அவர் ஒரு தட்டை விழுங்கிக்கொண்டு அவளோடு சேர்ந்து குதிப்பார். பாட்டே அப்படித்தான் என்று ஜனம் நம்பியது.

மதுரையில் கேசட்டுக்குப் பாடியபோது பதினோரு தடவை எடுத்தார்கள். பதினோரு தடவையும் ஏழு. கடைசியில் ரெக்கார்டிங்காரன் நாடாவை வெட்டி ஒட்டி எட்டாக்கினான்.

ஆக, எட்டு என்றால் கேசட். ஏழு என்றால் பெனடிக்டா.

எட்டு வந்தால் எழுந்து போய்விடுவது. திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் சரணம் முடிந்தது. வாத்தியம் ஓடியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்று. இரண்டு.

தப்பு விடு, தாயீ.

மூன்று. நான்கு. ஐந்து.

ஒரே ஒரு தப்பு.

ஆறு.

ஏழு.

பாய்ந்தாள்.

கீபோர்டுக்காரன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான். டிரம்ஸ்காரன் ஒரு தட்டு பிந்தி, எங்கே சேர்வதென்று தெரியாமல் அடித்துக்கொண்டே போனான். பாட்டு ஒரு பக்கமும் மேளம் ஒரு பக்கமும் இழுத்தன.

தன் கை எப்போது எழுந்தது என்று அவருக்குத் தெரியாது. முன் நாற்காலியின் முதுகில் விழுந்தது. ஒரு தட்டை விழுங்கி, சரியாக அவள் பாட்டெடுத்த இடத்தில்.

"யாரு வே அது, என் முதுகுல கொட்டு அடிக்கது?" முன் நாற்காலி அம்மாள் துள்ளி எழுந்தாள்.

எழுந்தது நல்லதாகப் போயிற்று. காலி நாற்காலி இன்னும் கணீரென்று பேசியது. பக்கத்து நாற்காலிக்காரர் கை தட்டத் தொடங்கினார். வரிசை தட்டியது. போனைத் தூக்கிப் பிடித்தவனெல்லாம் அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தட்டினான். டிரம்ஸ்காரன் ஜனத்தைப் பார்த்துப் பார்த்துத் தாளத்துக்கு வந்து சேர்ந்தான்.

நடு வரியில் அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பாடினாள்.

பாட்டு முடிந்தது. பந்தல் கத்தியது. அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள். கண் மூன்றாவது வரிசையில் நின்றது.

"இந்தத் தாளம் எப்பவும் என் முதுகுக்குப் பின்னால இருந்துல்லா வரும்," என்றாள். "இன்னைக்கு எதிர்த்தாப்புல இருந்து வருது."

பக்கத்து நாற்காலிக்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இப்பமாவது நம்புதீரா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தப்பையும் சேத்துப் பதிஞ்சிருப்பானுவ. இந்தக் காலத்துல எதையும் செய்வானுவ."

"அவிய உம்மகிட்டல்லா பேசுதாவ!"

"பேச்சு வேற. பாட்டு வேற."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். வியர்வை என்றுதான் பக்கத்து நாற்காலிக்காரர் நினைத்திருக்க வேண்டும். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பந்தலை விட்டு வெளியே நடந்தார்.

பின்னால் ஜனம் மறுபடி மறுபடி என்று கத்தியது. படகுப் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனை வந்தது. இடது கைப் பக்கம் பஸ் நிறுத்தம். அவருடைய பஸ் நின்றுகொண்டிருந்தது. வலது கைப் பக்கம், கடற்கரை வரைக்கும், கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

வலது பக்கம் திரும்பினார்.

மெதுவாக நடந்தார். ஒவ்வொரு கம்பமாக. நம்பாமல்.