சாகும் வேஷம்

“கடைசிச் சண்டையில நான் சாகறேன் தம்பி. வெர்னன் ஜெயிக்கட்டும்” என்றார் ஹார்லன்.

கௌபாய் படத்தின் இயக்குநர் லெஸ்டர் நெகிழ்ந்துபோனார். போஸ்டரில் யார் பெயர் முதலில் வருவது என்று முப்பது வருடமாக முட்டிக்கொண்ட நட்சத்திரங்கள்!

சற்று நேரத்தில் வெர்னனும் வந்தார்.

“ஹார்லன் பாவம்ப்பா. அவனே ஜெயிக்கட்டும். என்னைச் சாகடிச்சிடு.”

லெஸ்டர் காசைச் சுண்டினார். சாகும் வேஷம் வெர்னனுக்கு விழுந்தது.

அரிசோனா மாலை வெயிலில் இருவரும் சுட்டார்கள். வெர்னன் சந்தோஷமாகப் புழுதியில் சாய்ந்தார்.

“ஹார்லன் சார், அப்படியே குதிரையில தாவி ஏறி, சூரியனைப் பார்த்துப் போங்க!” என்று கத்தினார் லெஸ்டர்.

ஹார்லன் முழங்கால் மூட்டைத் தடவியபடி குதிரையை அண்ணாந்து பார்த்தார்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

“ஏணி கொண்டாரச் சொல்லட்டுமாடா?”