குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பழக்கம்

அந்த அறையில் இருந்தவர்கள்: மகப்பேறு மருத்துவர், அவருக்கு உதவியாக நின்ற செவிலி, கண்ணாடிக் கடை அம்மா, அவருடைய மருமகள். மகன் கப்பலில் இருந்தான். அவனை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மருமகளின் வயிற்றில் இருந்ததைச் சேர்க்கத்தான் வேண்டும்.

கண்ணாடிக் கடை அம்மா சாயாமல் உட்கார்ந்திருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அவர் முதுகு நாற்காலியைத் தொடாது.

அவருடைய மாமனார் ஆரம்பித்த மூக்குக் கண்ணாடிக் கடை. கணவர் போன பிறகும் பெயர் கெடாமல் நடத்திவருகிறார். ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பதே அவர் கடைக் கண்ணாடி வழியாகத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவருக்கு அதில் வேடிக்கை தெரிந்ததில்லை. அந்தப் பாதிப் பேரும் தன் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

செவிலி போட்டிருந்ததும் அவர் கடை ஃபிரேம்தான். உள்ளே நுழைந்ததுமே கவனித்துவிட்டார்.

மருத்துவர் இளம்பெண். ரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை உண்டா, முன்பு ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். மருமகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கைகளை மட்டும் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். காலை வேளையில் அவை நடுங்கும்.

மகன் விடுப்பில் வரும்போதெல்லாம் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிய மதுப் புட்டிகளில் ஆரம்பித்தது அது. அவன் இல்லாத மாதங்களில், தூக்கம் வரட்டும் என்று ஒரு வாய். புட்டிகள் எப்போதோ தீர்ந்துபோயின. பழக்கம் தீரவில்லை.

பிள்ளை உண்டானது தெரிந்த அன்று, இனி தொடமாட்டேன் என்று மாமியாரின் கையைப் பிடித்துச் சொன்னாள். உண்மையாகவே சொன்னாள். உடம்பு கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டி, வாந்தியெடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலை தலை வாரும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள். யார் உதவியும் இல்லாமல் குடியை விட அவளால் முடியாது; பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும்.

மாமியார் ஆட்டோவுக்குச் சொல்லப் போனார்.

"குடிக்கிற பழக்கம் ஏதாவது உண்டாம்மா?" என்றார் மருத்துவர், கணினித் திரையைப் பார்த்தபடியே.

மருமகள் வாயைத் திறந்தாள்.

"எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் யாருக்குமே கிடையாது, டாக்டர்."

கண்ணாடிக் கடை அம்மாவின் குரல் உயரவில்லை. விலையைக் குறைத்துக் கேட்பவர்களிடம் பேசும் அதே குரல்.

மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். மாமியாரைப் பார்க்கவில்லை. "நான் உங்களத்தாம்மா கேட்டேன். இருந்தா தயங்காம சொல்லுங்க. கொஞ்சம்கூட குழந்தைக்கு ஆகாது. அதுக்காக வீட்ல நீங்களா சட்டுனு நிறுத்தவும் கூடாது. இங்க சேர்ந்தா பத்திரமா நிறுத்தலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

செவிலி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக் கடை அம்மா மருமகளின் தோளில் கை வைத்தார். பார்ப்பவர்களுக்குப் பாசமாகத்தான் தெரிந்திருக்கும். விரல்கள் எலும்பில் பதிந்தன.

"அத்தை..." என்றாள் மருமகள்.

"சொல்லும்மா. வெளிய எவ்வளவு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் மாமியார்.

மருமகள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருத்துவர் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையாட்டினாள்.

மருத்துவர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

படியிறங்கும்போது கண்ணாடிக் கடை அம்மாவுக்கு மூச்சு சீராகியிருந்தது. எது நடந்தாலும் கதவுக்கு உள்ளேயே நடந்து முடியட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. பாலை உறிஞ்சத் தெம்பில்லை. இது மருந்தில் சரியாகிற விஷயமல்ல, மூளை எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார் குழந்தை மருத்துவர். மருமகள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான்.

மாமியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, மதுக்கடைக்குத் திருட்டுத்தனமாகப் போய் வாங்கிவந்து குடித்தாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

அது தவறு. மருமகள் எந்த மதுக்கடைப் படியையும் மிதித்ததில்லை. வீட்டுப் பெண் அங்கே நிற்பதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று, வாரந்தோறும் பேருந்தேறி, தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் போய் வாங்கிவந்தவர் மாமியார்தான்.