விடியக்காலம் வந்த மெட்டு

“இண்டைக்கும் புட்டுத்தான். முகத்தை நீட்டாமச் சாப்பிடுங்க” என்று அஜந்தா தட்டைக் கொண்டுவந்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஓட்டோவில் ரொட்டி விற்கிற பாண்கார றமீஸ் காக்கா மக்காவுக்கு உம்றா யாத்திரை போன நாள் தொட்டு, கல்லடியில் அந்த ஒழுங்கைச் சந்து முழுக்கக் காலையில் புட்டு மணம்தான். ஆனால் அவள் புருஷன் நிலோஜனின் முகம் நீண்டது புட்டுக்காக அல்ல. பின்னேரம் அவனுடைய படிப்புக்குக் கடைசி நேர்முகம்.

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இசைத் தயாரிப்பில் கலாநிதி, அதாவது டொக்டர் பட்டம். பாட்டைப் பதிந்து, கழுவித் துடைத்து, காதுக்கு இதமாக்கிக் கொடுக்கிற வித்தை. கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற சாலிஹ் இதைப் படிக்காமலே செய்கிறானே என்பது மாமனாரின் வாதம். படிப்பிக்கிறது வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்பதால் வித்தை மட்டும் போதாது. புதிதாக ஒரு ஞானப்பாட்டும் செய்ய வேண்டும். அது விசுவாசத்தில் எப்படிப் பிறந்தது என்றும் எழுத வேண்டும்.

விசுவாசத்தில் அவனுக்குக் குறைச்சல் இல்லை. இரவெல்லாம் ஹெட்போனும் தலையுமாக இருந்துவிட்டு ஊர் எழும்புகிற நேரம் படுக்கிறவன் அவன். அப்படி ஒரு விடியக்காலம், கண் மூடியும் மூடாமலும் கிடந்தபோது, ஒரு மெட்டு வந்தது. தூரத்தில் எழும்பி, கிட்ட வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி தூரமாகப் போனது. அடுத்த நாளும் வந்தது. கட்டிலால் இறங்கி முழங்காலில் நின்று அழுதான். ‘ஆண்டவர் என் வாசலைக் கடந்து போனார்’ என்று ஆராய்ச்சியில் எழுதினான். இப்போது கொஞ்ச நாளாக மெட்டு வருவதில்லை. சொல்ல வேண்டியதை ஆண்டவர் சொல்லி முடித்துவிட்டார் என்று அதையும் எழுதினான்.

அந்த மெட்டை ஆற அமர இழுத்து, வயலின் சேர்த்து, ஓர்கன் சேர்த்து, மாதா கோயில் பாடகர் குழுவையும் பாட வைத்தான். கேட்டவர்கள் எல்லாரும் உருகினார்கள். அஜந்தா மட்டும் ஒரு மாதிரியாக நின்றாள்.

“ஏனெண்டு தெரியா. இதைக் கேட்டா எனக்கு வயிறு காயுது” என்றாள்.

“அது வயித்துப் பசியில்ல, புள்ள. ஆத்துமாட பசி.”

அதுவும் ஆராய்ச்சியில் ஒரு பந்தியாக ஏறியது.

பின்னேரம் கோயில் விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். திரையில் வந்த வெள்ளைக்காரப் பேராசிரியை சிரிக்கவில்லை. பாட்டு நல்லது, பதிவும் நல்லது என்றார். ஆனால் புகழ்ந்து எழுதிக் கொடுத்தவர்கள் உம்முடைய குழு, உம்முடைய பாதிரியார், உம்முடைய மாமியார். சபைக்கு வெளியே ஒரு ஆளையாவது இது அசைத்ததா? அதைக் காட்டாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்றார்.

பக்கத்தில் அஜந்தா நின்றாள். அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். இத்தனை காலமும் அவளுடைய ரீச்சர் வேலையில் ஓடுகிற வீடு அது. அந்தப் பார்வை போதும்.

நிலோஜன் உதட்டை நனைத்துக்கொண்டு, இப்போதே காட்டுகிறேன், கோயில் ஸ்பீக்கரில் ஊருக்கே போடுகிறேன் என்றான்.

வசனமும் குழுவும் வேண்டாம், கோயில் பாட்டு என்று தெரிந்துவிடும். மெட்டை மட்டும் போடும் என்றார் பேராசிரியை.

வயலினை நிறுத்தினான். ஓர்கனை நிறுத்தினான். பாடகர்களையும் நிறுத்தினான். மிஞ்சியது சின்ன மணிச் சத்தத்தில் அந்த மெட்டுத்தான், விடியக்காலம் வந்த அதே வேகத்தில். ஆண்டவரே என்று சொல்லிப் பொத்தானை அமத்தினான்.

வெயிலில் சுருண்டு கிடந்த ஒழுங்கையில் முதலில் ஒரு வீட்டுப் படலை திறந்தது. மறுகா இன்னொன்று. மறுகா வரிசையாக எல்லாம் திறந்தன. கோயில் வாசலை ஒரு நாளும் மிதிக்காத பிள்ளையார் பக்தை சீதேவிப்பிள்ளை, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்கத் தையல்கார நிஸ்றா. அவளுக்குப் பின்னால் பாதி ஒழுங்கை.

நிலோஜன் கணினியை அவர்கள் பக்கம் திருப்பி, யார் எந்தச் சமயம் என்று சொன்னான். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எத்தனையோ பேரைச் சோதித்திருக்கிறேன், சைவரும் இஸ்லாமியரும் ஒரு மெட்டுக்கு இப்படி ஓடி வந்ததைக் கண்டதில்லை என்றார். பட்டம் உமக்குத்தான், முன்னால் நிற்கிற அந்தத் தாயின் சாட்சியை மட்டும் கேட்டு எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் என்றார்.

நிலோஜன் சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

“மாமி, இந்த மெட்டைக் கேட்டதும் உங்கட மனசுக்குள்ள என்ன நடந்தது?”

சீதேவிப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு கோயிலின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். பிறகு, கக்கத்தில் மடித்து வைத்திருந்த சொப்பிங் பேக்கை உதறி விரித்தாள்.

“றமீஸ் தம்பிட பாண் ஓட்டோப் பாட்டுக் கேட்டு, ஆள் உம்றாவால வந்திட்டாரெண்டுதானே ஓடியாறன், மனே. ஓட்டோவ எங்க விட்டிருக்காரு? எனக்கு ரெண்டு பாணும், சீனி போட்ட பணிஸ் நாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்க.”