பிரேக் பார்க்கும் படலம்

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. நீங்க பொண்ணப் பாக்கறதுக்கு முன்னாடி, நீங்க வந்த வண்டியோட முன்சக்கரத்த நான் கழட்டிப் பாத்துடறேன்."

வாசலில் நின்றபடி ஆதிமூலம் இப்படிச் சொன்னதும், பூ, பழத் தட்டோடு பிக்கப்பிலிருந்து இறங்கிய செங்கமலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் கலைவேந்தனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுக்கு விஷயம் தெரியும். வில்லியனூரில் ஆதிமூலத்தின் பிரேக் பட்டறை என்றால் பஸ்காரர்கள்கூட காத்துக் கிடப்பார்கள். அந்த மனுஷர் ஜாதகம் பார்ப்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. மாப்பிள்ளை ஓட்டும் வண்டியில் பிரேக் பேடு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார், அதிலேயே ஆளோட நிதானம் தெரிந்துவிடும் என்பார், அவ்வளவுதான். அரியூரிலிருந்து வந்த ஒருவனைப் பேடு கருகிய வாடைக்கே, ஒரு வாய் காபி கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர்.

அவருக்கு ஒரே மகள் வெண்ணிலா. அவளும் கலைவேந்தனும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தபோதே மனசு ஒத்துப்போனவர்கள். ஆனால், "எங்கப்பா சரின்னாத்தான் கல்யாணம். இல்லன்னா இல்ல" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆகவே அவனுடைய கல்யாணம் இப்போது அந்த முன்சக்கரத்துக்குள் இருந்தது.

"வெண்ணிலா, ஜாக்கிய எடுத்தாம்மா."

பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக வெண்ணிலா ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவோடு பட்டறையில் வேலை செய்கிற பெண் என்று மகன் சொல்லித்தான் இருந்தான். இருந்தாலும் பெண் பார்க்கப் போன இடத்தில் காபித் தட்டுக்குப் பதில் ஜாக்கியோடு ஒரு பெண் வருவதை செங்கமலம் இன்றுதான் பார்த்தாள். அதிலும் லட்சணமாகத்தான் இருந்தாள்.

"இதெல்லாம் எதுக்குண்ணே?" என்றாள் செங்கமலம். "எம்புள்ள வண்டி மத்த வண்டி மாதிரி இல்ல. பனித்திட்டுலேர்ந்து மெட்ராசுக்கு மீன் ஏத்திக்கினு போறான்ல, இன்னாமோ குரூசாம், அந்தப் பட்டன அமுக்கி வுட்டா போதும். முன்னாடி வண்டி போனா தானா மெதுவாவும், தானா பிரேக் புடிக்கும். இவன் கால மடக்கி வச்சிக்கினு சொகமா குந்தியிருப்பான்."

அம்மா, கொஞ்சம் வாயை மூடேன் என்று கலைவேந்தன் மனசுக்குள் கெஞ்சினான்.

ஆதிமூலம் நிமிர்ந்தார். "குரூஸ் கன்ட்ரோலா?"

"ஹைவேல மட்டுந்தாங்க" என்றான் கலைவேந்தன்.

"அது இன்னா பண்ணும் தெரியுமா தம்பி? நாமன்னா தூரத்துலயே பாத்து ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துருவோம். வண்டி தன்னால அடங்கும். அது கிட்டக்க போயி போயி பிரேக்க புடிக்கும். அதுலயும் முன்வண்டிய ஒட்டிப் போற மாதிரி கேப்ப கம்மியா வச்சிக்கினா சொல்லவே வேணாம். பேட தின்னு தீத்துரும். அந்த மாதிரி வண்டிங்க பட்டறைக்கு வருதே, பாக்கறேனே."

வெண்ணிலா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள்.

"இவன் வண்டி அப்டி தின்னாதுண்ணே." செங்கமலம் விடுவதாயில்லை. "வாங்கி ரெண்டு வருசமாவுது. ஒரு தபா கூட பேடு கீடு எதுவும் மாத்தினதில்ல. மாத்தியிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பானா?"

"ரெண்டு வருசமா? பாத்துடலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் ஆதிமூலம்.

சக்கரம் கழன்றது. பிரேக்கைத் திறந்து பேடை உருவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரலால் தடவினார். மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்தார். எழுந்திருப்பார் என்று எல்லோரும் நினைக்க, மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சுத்தம்" என்றார் மெதுவாக. "இன்னா நிதானம். எங்கயாவது ஒரு எடத்துல அவசரம் தெரியுதான்னு பாக்கறேன், தெரியலியே."

"நான்தான் சொன்னேனே" என்றாள் செங்கமலம்.

கலைவேந்தன் ஒரு அடி முன்னால் வந்தான். "அது வந்துங்க... வண்டியோட டெக்னாலஜி அப்டிங்க."

"மெஷினால ஆவற காரியமா தம்பி இது? மனசு வச்சாத்தான் இப்டி வரும். ஒருத்தர் மேல உசுரா இருந்தாத்தான் இவ்ளோ பொறுமை வரும்."

அவர் கண் கலங்கியிருந்தது. காலமெல்லாம் பிரேக்கோடு மல்லுக்கட்டுகிற மனுஷர் ஒரு பேடைப் பார்த்து இப்படி உருகுவதை செங்கமலம் வாய் பிளந்து பார்த்தாள். வண்டிக்கு இத்தனை மகிமை என்று தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு மாலை வாங்கிப் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆதிமூலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, போல்ட்டை முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வர்ற தையிலயே வச்சிக்கலாம்மா. எனக்கு முழு சம்மதம்."

வெண்ணிலா சட்டென்று உள்ளே ஓடினாள். "இரும்மா, பூவ வச்சிக்க" என்று செங்கமலம் தட்டோடு அவள் பின்னால் போனாள்.

நின்ற இடத்திலேயே கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான் கலைவேந்தன். அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது. தோளில் ஒரு கை விழுந்தது. ஆதிமூலம் அவனை வண்டிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பேடு மாத்தி ஒரு வாரங்கூட ஆவலன்னு சக்கரம் கழண்டதுமே தெரிஞ்சிபோச்சி மாப்ள. நான் இவ்ளோ நேரம் மெச்சினது நீ வண்டி ஓட்டின லட்சணத்த இல்ல, அத மாட்டின கைய. இந்தச் சுத்துவட்டாரத்துல இவ்ளோ சுத்தமா பேடு மாட்டுற ஆளு ரெண்டே பேருதான், அதுல ஒண்ணு நானு."