கரண்ட் மட்டும் போற ஒயர்

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. கூட்டும்போது இதைக் கீழே போட்டீங்களா?"

"நான் எதையும் போடல."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜைமேல் அந்த ஹார்ட் டிஸ்க் நீல விளக்கை மினுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது. லேப்டாப்தான் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. கழற்றி மாட்டினாள். ஆஃப் பண்ணிப் போட்டாள். கணவனின் லேப்டாப்பில் செருகினாள். ம்ஹூம்! அப்படி ஒரு டிஸ்க் உலகத்திலேயே இல்லை என்று அதுவும் சாதித்தது.

குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் அவள். இன்று சாயங்காலத்துக்குள் படங்களை அனுப்பினால் வேலை உனக்குத்தான் என்று வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று சொல்லியிருந்தது. பழைய லேப்டாப் மண்டையைப் போட்டதிலிருந்து, வரைந்த அத்தனையும் இந்த டப்பாவுக்குள்தான்.

"அந்த ஒயரைக் கொஞ்சம்..." மாமியார் மறுபடி கிட்டே வந்தாள்.

"தயவுசெஞ்சு போங்க அத்தை! நீங்க தொட்டதெல்லாம் போதும்."

"விடும்மா, அம்மா ஒரு மக்கு. தெரியாம எதையோ பண்ணியிருப்பா," என்றான் கணவன். பாவம், லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே இருந்தான். "போனது போச்சு. அந்த வேலை நமக்கு வேண்டாம்னு இருக்கு."

"யார் சொன்னது? ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் செருகிப் பார்த்துட்டுத்தான் ஓய்வேன். வண்டியை எடுங்க!"

ரிப்பேர் கடைக்காரர் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தானே சுத்துது?"

ஒயரை உருவிவிட்டுக் கடை ஒயரைச் செருகினார். அவ்வளவுதான்! குடை பிடித்த தவளை, மூக்குக் கண்ணாடி போட்ட யானை எல்லாம் திரையில் வந்து நின்றன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கணவன் குனிந்து திரையை உற்றுப் பார்த்தான்.

"இது சார்ஜ் ஏத்தற ஒயரும்மா. கரண்ட் மட்டும் போகும், படம் போகாது. அதான் லைட் மட்டும் எரிஞ்சிருக்கு. டார்ச்சுக்கெல்லாம் இப்படித்தான் கொடுப்பாங்க."

வீட்டில் டார்ச் இருப்பது ஒரே ஒருத்தரிடம்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒயரை மாமியார் முன்னால் வீசினாள்.

"இது உங்க டார்ச் ஒயர்தானே?"

"ஆமா."

"மாத்தி வெச்சது யாரு?"

"நான்தான்." குரலில் ஒரு பிசிறு இல்லை.

"நான் வேலைக்குப் போயிடக் கூடாது, அதானே? போவேன் அத்தை. நீங்க தலைகீழா நின்னாலும் போவேன்!"

"ஏம்மா உனக்கு இந்தப் புத்தி?" கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "என் பொண்டாட்டி முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்கலையா?"

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன் தலையணை உறைக்குள் கையை விட்டு, டிஸ்கின் சொந்த ஒயரை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

"போ, தாராளமாப் போ. உட்கார்ந்து முதல்ல படத்தை அனுப்பு. காலையிலேருந்து சொல்ல வரேன், நீ காது கொடுத்தாத்தானே? இவனும் உன்னை விட்டு நகரல."

பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"நேத்து உன் சிநேகிதன்கிட்ட போன்ல என்னடா சொன்னே? காலையில அவ குளிக்கப் போறப்ப எல்லாத்தையும் அழிச்சுட்டா, அவ தன்னால வீட்டோட கிடப்பான்னுதானே? என் போன்ல இருந்த படத்தை டார்ச் ஒயர்ல கம்ப்யூட்டருக்கு ஏத்தப் பார்த்தேன்னு அன்னிக்குச் சிரிச்சியே, 'மக்கு, இதுல கரண்ட் மட்டும்தான் போகும்'னு. மக்குக்கு அது நல்லா ஞாபகம் இருந்துச்சுடா. காலையில அவ குளிச்சுட்டு வர்றதுக்குள்ள செருகிச் செருகிப் பார்த்தியே, ஏதாச்சும் வந்துச்சா?"