மொட்டைமாடி ரசிகை

“நல்லா கீதுப்பா மோகனு! ரொம்ப நல்லா கீது!”

பக்கத்து மொட்டைமாடியிலிருந்து அம்மணியக்கா கத்தியதும் சந்திரமோகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம், அவன் வாசித்தது வெளியே கேட்கவே இல்லை. கீபோர்டில் ஹெட்போனைச் சொருகி, தன் காதுக்கு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான்.

சந்திரமோகனுக்குப் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. உடம்பு ஆரணி பஜாரில் உட்கார்ந்திருக்கும். மனசு எங்கேயாவது மேய்ந்துகொண்டிருக்கும். பார்டரில் மாங்காய் வரையும்போது ஒரு பல்லவி எட்டிப் பார்க்கும். புட்டாப் பூக்களுக்குக் கலர் கொடுக்கும்போது சரணம் கிடைத்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். வெயில் இறங்கி, வானம் வாடாமல்லி நிறத்துக்கு வருகிற அந்த வேளையில் ஆரணியில் இருக்கிறோமா ஆகாயத்தில் இருக்கிறோமா என்பதே அவனுக்குத் தெரியாது.

தினம் ஒரு மெட்டு என்று சபதம் எடுத்திருந்தான். தனியாக விட்டிருந்தால் அந்தச் சபதம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. தாங்க வைத்தது அம்மணியக்காதான்.

பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டிவிட்டு வந்து, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு வருவாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்தபடி நிற்பாள். அவன் வாசித்து முடித்ததும், “நல்லா கீதுப்பா!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். பவர்லூம்காரர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒருநாள் வாசிக்காவிட்டால் போச்சு.

“இன்னாபா, பொட்டிய எடுக்கல? ஒடம்பு சரியில்லியா, சோம்பேறித்தனமா?”

“மூடு இல்லக்கா.”

“எனக்குந்தான் தறிகிட்ட நிக்க மூடு இல்ல. போய் நிக்கல? எட்துகினு வா, ஜல்தி!”

அந்த ஏச்சுக்குப் பயந்தே மெட்டுகள் பிறந்துகொண்டிருந்தன. உலகத்தில் தனக்கு ஒரு ரசிகையாவது இருக்கிறாள் என்ற நினைப்பிலேயே சந்திரமோகன் பாதி மிதந்துகொண்டிருந்தான்.

இன்று காலையில்தான் அடி விழுந்தது. சென்னையில் குறும்படம் எடுக்கும் ஒரு குழுவுக்கு மெட்டுகளை அனுப்பியிருந்தான். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கு ப்ரோ. மனசுல நிக்கல’ என்று பதில் வந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. பெரணமல்லூரில் இன்னிசைக் குழு வைத்திருக்கும் சதீஷைப் போனில் கூப்பிட்டு, “காலையில வந்து கீபோர்ட எடுத்துகினு போயிடு” என்று சொல்லிவிட்டான். கடைசியாக ஒரு தடவை, யாருக்கும் கேட்காமல், யாருக்காகவும் இல்லாமல் வாசித்துவிட்டு மூட்டை கட்டலாம் என்றுதான் இந்த ஹெட்போன்.

ஆனால் வாசிக்க உட்கார்ந்தவன் தன்னை மறந்தான். விரல் போன போக்கில் மெட்டு போயிற்று. எங்கே போகிறோம் என்று அதற்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. சதீஷ், சென்னை, சபதம் எல்லாம் எங்கோ கீழே கிடந்தன. விரல்கள் நின்றபோது வானத்தின் நிறமே மாறியிருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல்.

கனவு கலைந்த எரிச்சலோடு கோபமும் சேர்ந்துகொண்டது. கேட்காத பாட்டையே புகழ்கிறாள் என்றால், இத்தனை நாளும் புகழ்ந்ததற்கு என்ன அர்த்தம்? இவள் பேச்சை நம்பியல்லவா சென்னைவரை அனுப்பி மூக்குடைபட்டான்!

“யக்கா! காதுல இத மாட்டிகினு கீறேன். சத்தம் வெளிய வரவே இல்ல. நீ இன்னாத்த கேட்டு நல்லா கீதுன்ற?”

அம்மணியக்கா திருதிருவென்று விழித்தாள். கையிலிருந்த துணிமூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப தெனமும் சொன்னதெல்லாம் பொய்யி. அதானே?”

சொல்லிவிட்டு வெடுக்கென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். ஒயரைச் சுருட்டிக்கொண்டே பேசினான்.

“இன்னியோட முடிஞ்சிது. காலைல சதீஷ் வந்து கீபோர்ட எட்துகினு போறான். இனிமே நீயும் கஷ்டப்பட்டு பொய் சொல்ல வேணாம்.”

பதில் இல்லை.

“உன்னத்தான்க்கா. கேக்குதா?”

அதற்கும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தான். அம்மணியக்கா கைப்பிடிச் சுவரின்மேல் எம்பி, அவன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பக்கம் திரும்பி சொல்லுப்பா. வாயப் பாத்தாதான் எனக்குப் புரியும்.”

ஒயர் சுருட்டிய கை அப்படியே நின்றது.

அம்மணியக்கா மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சுவரருகே இன்னும் நெருங்கி வந்தாள்.

“தறி சத்தத்துல காது போயி ரொம்ப நாளாச்சிப்பா. ஷெட்ல எல்லாரும் வாயசைச்சிதான் பேசிக்குவோம். அதால எவனுக்கும் தெரியல. நீயும் வெளிய சொல்லிடாத. மொதலாளி காதுக்குப் போனா பேஜாராயிடும்.”

சந்திரமோகனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருப்பவும் கூடாது.

“அப்புறம் எதுக்குக்கா தெனமும் வந்து நிப்ப?”

“உன் மூஞ்சப் பாக்கத்தான். வாசிக்கறப்போ நடுநடுவுல என்னயே பாத்துகினு இருப்ப, இவ நல்லா கீதுன்னு சொல்வாளா மாட்டாளான்னு. சொல்லாங்காட்டி புள்ள ஒடஞ்சிடுவானேன்னு சொல்லுவேன்.”

“அப்ப பொய்தானே?”

“அதெல்லாம் பொய்தாம்பா. இன்னிக்கி ஒருவாட்டிகூட நீ என்னத் திரும்பிப் பாக்கல. இன்னிக்கி சொன்னதுதான் நெசம்.”